கல்லறை காணாமல் போனால் உறவும் போய்விடுமா?



இந்த இதழுக்கு வேறொன்று எழுதி வைத்திருந்தேன். அதற்குள் பகாவ் பக்கத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. படித்து முடித்ததும் முன்பு எழுதியதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். அவர் கேட்டிருப்பது அவருக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களின் நெஞ்சில் கிடக்கும் கேள்வி.

சகோதரி தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதில் அம்மாவோடு போய் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கி வளர்ந்தவர். அம்மா கண் மூடியபோது தோட்டத்து இடுகாட்டிலேயே அடக்கம் செய்தார்கள். முதலில் மரச்சிலுவை, பிறகு அண்ணன் தம்பிகள் காசு சேர்த்து சிமெண்டுச் சிலுவை வைத்தார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூமாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி வருவார்கள்.

பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரங்கள் சாய்ந்தன. லயங்கள் இடிபட்டன. ஜனங்கள் பட்டணத்துக்கும் பலகை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள். சில ஆண்டுகள் இவரால் போக முடியவில்லை. கடந்த நவம்பரில் மகளை அழைத்துக்கொண்டு போனார். மண்வாரி இயந்திரம் புரட்டிய நிலத்தில் செம்பனைக் கன்றுகள் நின்றன. இடுகாடு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கொண்டுபோன மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலே திரும்பிவிட்டார்.

"இனி என் அம்மாவுக்கு எங்கே விளக்கேற்றுவேன்? வீட்டுக்கு வரும் வழியில் என் மகள், 'பாட்டி மோட்சத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அதை யாராவது பார்த்திருக்கிறார்களா?' என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்லறையைத் தேடிப் போய், தேடியது கிடைக்காமல் அழுதுகொண்டு நின்ற பெண் நீங்கள் மட்டுமல்ல. கிறிஸ்தவ நம்பிக்கையின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு பெண் நிற்கிறாள். யோவான் எழுதிய நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மகதலா ஊர் மரியாள் இருட்டு விலகாத வேளையில் கிளம்புகிறாள். நம் தாய்மார்கள் பிரட்டுக்குக் கிளம்புவார்களே, அந்த நேரம். போய்ப் பார்த்தால் கல் புரண்டு கிடக்கிறது, உடலைக் காணோம். எடுத்துப் போனவர்கள் எங்கே வைத்தார்களோ என்றுதான் அவளும் புலம்புகிறாள். எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்றே நினைக்கிறாள். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அப்போதுதான் ஆளைத் தெரிந்துகொள்கிறாள்.

அந்தக் கல்லறை வெறுமையானதற்கும் உங்கள் அம்மாவின் கல்லறை மறைந்ததற்கும் காரணம் ஒன்றல்ல. அங்கே நடந்தது உயிர்ப்பு என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். இங்கே நடந்தது மண்வாரியின் வேலை. ஆனால் அந்தக் காலையில் மரியாளுக்கு ஆறுதல் தந்தது எது என்று பாருங்கள். இடம் அல்ல, பெயர். இறந்தவர்கள் இன்ன பாத்தியில், இன்ன கல்லுக்கு அடியில் கட்டுண்டு கிடக்கவில்லை, அவர்களைப் பெயர் சொல்லி அறிந்தவர் கையில் இருக்கிறார்கள் என்பதுதான் கிறிஸ்தவ மார்க்கத்தின் நம்பிக்கை.

இதைச் சொல்ல நான் ஜெருசலேம் வரை போயிருக்க வேண்டியதில்லை. உங்கள் பகாவ் மண்ணே சாட்சி.

ஜப்பான்காரன் காலம். சிங்கப்பூரில் அரிசிப் பஞ்சம். வாய்களைக் குறைக்க வேண்டும் என்று ஜப்பானியர் ஜனங்களை வெளியே குடியேற்றத் தொடங்கினார்கள். சீனர்களை ஜொகூரில் எண்டாவுக்கு அனுப்பினார்கள். கத்தோலிக்கர்களுக்கு என்று ஒதுக்கிய இடம் பகாவ். 1943 டிசம்பர் முதல் ஜனங்கள் அங்கே வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் யுரேஷியர்கள், சீனர்கள். அந்தக் குடியேற்றத்துக்கு 'பூஜி கிராமம்' என்று பெயர். பெயர் அழகாகத்தான் இருந்தது. இடமோ காடு. காரியாலயத்தில் பேனா பிடித்தவரும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவரும் மரம் வெட்டி, கிழங்கு நட்டுப் பிழைக்க வேண்டியதாயிற்று. குளிர்க்காய்ச்சல் பரவியது. கொடுக்கக் கொய்னா மாத்திரை போதவில்லை. இறந்தவர்கள் 300 பேர் என்பாரும் உண்டு. 1,500 வரை என்பாரும் உண்டு. கணக்கே இத்தனை தூரம் விலகி நிற்கிறது என்றால், பெயர் எழுதப்படாமல் புதைந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அவர்களோடு அங்கே போனவர் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் அட்ரியன் டெவால்ஸ். பிரெஞ்சுக்காரர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சேர்த்து அவர்தாம் கத்தோலிக்க ஆயர். அறுபது வயதைக் கடந்தவர். தம் ஜனங்களை அனுப்பிவிட்டுப் பின்தங்கி நிற்கவில்லை. தாமும் மண்ணில் இறங்கிப் பாடுபட்டார். காலில் பட்ட காயம் விஷமாகி, 1945 ஜனவரியில் சிரம்பானில் உயிர் நீத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் சண்டை முடிந்தது. மிஞ்சியவர்கள் சிங்கப்பூர் திரும்பினார்கள். புதைத்தவர்களை அந்தக் காட்டில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். பிள்ளையைப் புதைத்த தாயும் ரயில் ஏறித்தான் ஆகவேண்டும். வேறு வழி?

அதற்கு முன்பே, 1942லும் 1943லும், நம்மவர்கள் சயாமுக்குப் போனார்கள். தோட்டம் தோட்டமாக லாரியில் ஏற்றிப் போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை. பாட்டன் போனார், சித்தப்பா போனார், திரும்பி வரவில்லை என்று சொல்லாத தோட்டக் குடும்பம் அபூர்வம். போர்க் கைதிகளாக இறந்த சிப்பாய்களுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. நம் பாட்டாளிகளுக்கு அப்படி வரிசை இல்லை. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் அந்தப் பாதையோரத்து மண்ணில்தான் கலந்தார்கள்.

கல் இல்லாததால் அவர்கள் கடவுளுக்குக் காணாமல் போனவர்கள் ஆகிவிட்டார்களா? 'இல்லை' என்கிறது கிறிஸ்தவ நம்பிக்கை. நவம்பர் 2ஆம் தேதித் திருநாளின் உட்பொருளும் இதுதான். 998ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு தேசத்துக் குளுனி மடத்தின் அதிபர் ஒடிலோ இந்த நாளைத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். நம் வீட்டு இறந்தோரை மட்டும் அல்ல, விசுவாசத்தில் இறந்த எல்லாரையும் நினைக்கும் நாள் அது. கேட்பாரற்றவரும் அதில் அடக்கம். கத்தோலிக்கர் அன்று இறந்தோருக்காக மன்றாடுவார்கள். மெதடிஸ்ட், லுத்தரன் சபையார் பெரும்பாலும் அப்படி மன்றாடுவதில்லை. அவர்களைத் தேவன் கையில் ஒப்படைத்து, அவர்கள் வாழ்ந்த வாழ்வுக்காக நன்றி சொல்வார்கள். வழி வேறானாலும் கல்லறையை நம்பி இருவரும் நிற்கவில்லை.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். 'யாராவது பார்த்திருக்கிறார்களா?'

அவளைத் திட்டிவிடாதீர்கள். அதே கேள்வியைக் கேட்டவர் ஒருவர் நம் தமிழ் மண்ணுக்கே வந்தார் என்பது மரபு. தோமையார் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். இயேசு அவரைத் தள்ளிவிடவில்லை, காயத்தைக் காட்டினார். காணாமலே நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்றும் சொன்னார். அந்தத் தோமையார்தான் பிறகு மயிலாப்பூருக்கு வந்து, பரங்கிமலையில் உயிர் கொடுத்தார் என்று கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கேள்வி கேட்டவர் கடல் கடந்து போய் உயிரையே கொடுத்திருக்கிறார். ஆகவே உங்கள் மகள் கேட்கட்டும்.

சிலர் இப்படி வாதிடுவார்கள்: 'காய்ச்சல் கிருமியைக் கண்ணால் பார்த்தாயா? இல்லை. ஆனாலும் அது பகாவில் அத்தனை பேரைக் கொன்றதே. அதுபோலத்தான் மறுவாழ்வும்.' இந்த வாதம் பாதி வழிக்குத்தான் வரும். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர், அந்தக் கிருமியைக் கொசுவின் வயிற்றுக்குள்ளேயே கண்டுபிடித்துக் காட்டினார். மறுவாழ்வை எந்தப் பூதக்கண்ணாடியும் காட்டப்போவதில்லை. பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டாம்.

பின்னே எதை வைத்து நம்புவது? ஓர் ஆளை வைத்து. இந்த நம்பிக்கை நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ரஜூலா கப்பலை நினைவிருக்கிறதா? 1926 முதல் 1973 வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் மகன் ஏறுவான்; தாய் கரையில் நிற்பாள். அவன் இறங்கப் போகும் பினாங்கை அவள் கண்டதில்லை. அவன் வேலை செய்யப் போகும் காட்டைக் கண்டதில்லை. முத்திரை ஒட்டிய ஒரு கடிதம், எப்போதாவது கொஞ்சம் பணம், இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் 'என் மகன் இருக்கிறான்' என்றுதான் சொன்னாள். ஊரைப் பற்றிய ருசு அவளிடம் இல்லை. மகனைத் தெரியும், அவன் சொல்லை நம்பினாள்.

கிறிஸ்தவரின் நம்பிக்கையும் அப்படித்தான். மோட்சத்தின் வரைபடம் அவர்களிடம் இல்லை. போய்த் திரும்பியவர் என்று அவர்கள் நம்பும் ஒருவரின் சொல் இருக்கிறது. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்கள் தங்கள் விசுவாச அறிக்கையின் தொடக்கத்திலேயே, காண்பவை காணாதவை இரண்டுக்கும் ஒருவரே கர்த்தா என்று எழுதி வைத்தார்கள். காணாத உலகம் ஓர் அந்நியனின் ஊர் அல்ல என்பது அதன் பொருள்.

இதில் நமக்கு ஒரு தைரியமும் உண்டு. காணாதது என்றாலே நம் தோட்டங்களில் பயம்தான். ஆற்றோரத்து மரம், முச்சந்தி, இருட்டில் கேட்கும் சத்தம். காணாத உலகின் எஜமான் நம்மை நேசிக்கிறவர் என்றால் அந்தப் பயத்துக்கு என்ன வேலை? இறந்தவரைக் குறி சொல்பவர் மூலம் வரவழைத்துப் பேசவும் கிறிஸ்தவ மார்க்கம் இடம் தருவதில்லை. அவர்கள் நல்ல கையில் இருக்கிறார்கள், அது போதும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'மேலே கிடைக்கும், இங்கே பொறுத்துக்கொள்' என்று பாட்டாளியின் வாயை அடைக்க இந்த நம்பிக்கையைச் சாக்காக்கக் கூடாது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் கடைசி நாளில் கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள். பசித்தவனுக்குச் சோறு, நோயாளிக்குத் துணை, அந்நியனுக்கு இடம். எல்லாம் இந்த மண்ணின் காரியங்கள். நித்திய வாழ்வைப் போதித்த ஆயர் டெவால்ஸ் பகாவில் மண்ணில் இறங்கி வேலை செய்தார் அல்லவா? வானத்தை நம்பியதால் அவர் மண்ணை மறக்கவில்லை.

சகோதரி, இனி நீங்கள் செய்யக்கூடியவை சில. அம்மாவை அடக்கம் செய்த குருவானவரின் பங்குக் கோவிலில் கேட்டுப் பாருங்கள்; கோவில்களில் அடக்கப் பதிவேடு வைப்பது வழக்கம். அம்மாவின் பெயரும் தேதியும் அதில் இருக்கலாம். அந்தத் தோட்டத்தில் இருந்த முதியவர்கள் எங்கே குடியிருந்தாலும் தேடிப் போங்கள். இடுகாட்டில் யார் யார் கிடந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கிறிஸ்தவர் மட்டும் வேண்டாம், எல்லாரையும் எழுதுங்கள். அந்தப் பெரியவர்கள் போய்விட்டால் அந்தப் பெயர்களும் போய்விடும். வரும் நவம்பரில் அந்தப் பட்டியலைப் பூசையில் வையுங்கள். கொளுத்தாமல் கொண்டுவந்த மெழுகுவர்த்தியை அங்கே ஏற்றுங்கள். கோவிலில் ஏற்றும் விளக்கும் அம்மாவுக்கு ஏற்றிய விளக்குத்தான்.

இடுகாடு இன்னும் அழியாமல் இருக்கும் தோட்டத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் புல்லைச் செதுக்குங்கள். ஒவ்வொரு கல்லையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், சகோதரி. நான்கு பக்கக் கடிதத்தில் 'அம்மா', 'பாட்டி' என்றே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் மகளுக்குத் தன் பாட்டியின் பெயர் தெரியுமா? இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவளை அருகில் உட்காரவைத்து அந்தப் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு பால் வெட்டினார், உங்களை எப்படிக் கூப்பிட்டார் என்று சொல்லுங்கள். பாட்டி எங்கே என்ற கேள்விக்குப் பதில் அங்கிருந்து தொடங்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.