அம்மாவின் தலையில் மின்சாரம்

வானொலியில் வேலை செய்வதில் ஒரு வசதி உண்டு. தலை கலைந்திருந்தாலும் நேயர்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நானும் இத்தனை ஆண்டுகள் ஓட்டிவிட்டேன்.

எங்கள் ஒலிபரப்புக் கூடத்தில் ஏர்கான் ஓயாமல் ஓடும். தரையில் கம்பளம். நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் நாலைந்து முடிகள் அதோடு சேர்ந்து எழுந்து நிற்கும். கையால் அழுத்திவிட்டுப் போய்விடுவேன். சென்ற ஜனவரியில் அம்மாவைச் சோல் நகருக்கு அழைத்துச் சென்றபோதுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது.

பனியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. கிளம்பும் முன்பே நான் ஒரு நிபந்தனை போட்டேன். "படமெல்லாம் எடுக்கணும்மா, தலையில எண்ணெய் வைக்காதீங்க. தினமும் ஷாம்பு போடுங்க." அம்மாவும் சரி என்றார்.

இரண்டாம் நாள் இரவு அறைக்குத் திரும்பிக் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். சடசடவென்று சத்தம். நரைமுடி நாலாபக்கமும் பறந்தது. நான் சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் தேடினேன். அம்மா சிரிக்கவில்லை.

"ஏம்மா, எனக்கு உடம்புல ஏதாச்சும் கோளாறா? நேத்துலேருந்து கதவத் தொட்டா சுரீர்னு அடிக்குது. சொன்னா நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

அப்பா இதய நோயில் போனவர். அம்மா நாள் முழுக்கக் கையுறையைக் கழற்றாமல் நடந்ததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டிலில் உட்கார வைத்து விளக்கினேன். பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் பலூனைத் தலையில் தேய்த்து விளையாடுவார்களே, அதே விஷயம்தான். இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. முடிகள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விறைத்து நிற்கின்றன. கதவுப் பிடியைத் தொட்டதும் உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் சட்டென்று பாய்கிறது. அதுதான் அந்தச் சுரீர். நெஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"நம்ம ஊர்ல ஏன் இப்படி அடிக்கல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். அந்த ஈரம் முடியில் படிந்து மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். குளிர் நாட்டுக் காற்றில் நீராவி குறைவு. அதையே அறைக்குள் சூடாக்கினால் இன்னும் வறண்டுபோகும். போதாக்குறைக்கு, தினமும் ஷாம்பு போடச் சொல்லி இருந்த எண்ணெய்ப் பசையையும் எடுக்க வைத்தது நான்.

அன்றிரவு உள்ளங்கையை லேசாக நனைத்து அம்மாவின் தலையைத் தடவினேன். பெட்டியின் அடியில், என் பேச்சைக் கேட்காமல் அவர் கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. எண்ணெய் குளிரில் உறைந்திருந்தது. இரண்டு துளி அளவுக்கு எடுத்து விரலில் உருக்கி, முடியின் நுனிகளில் தேய்த்துப் பின்னிவிட்டேன். பள்ளிக்கூட நாள்களில் எனக்கு அவர் பின்னிவிட்ட அதே இரட்டைச் சடை. கண்ணாடியைப் பார்த்ததும்தான் அம்மா சிரித்தார்.

வருட இறுதி விடுமுறைக்குக் குளிர் நாடு போகிறவர்களும், நாள் முழுக்க ஏர்கானில் வேலை செய்கிறவர்களும் சிலவற்றைக் கவனிக்கலாம். தினமும் ஷாம்பு வேண்டாம். போட்டால் கண்டிஷனரைத் தவிர்க்காதீர்கள். அது முடியின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உரசலைக் குறைக்கும். துண்டால் பரபரவென்று துவட்டாமல் அழுத்தி ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையரை முடி காய்ந்து மொரமொரப்பாகும்வரை பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக் சீப்புக்குப் பதில் மரச் சீப்பு நல்லது. கம்பளித் தொப்பிக்குள் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளலாம். கதவைத் தொடும் முன் கையிலுள்ள சாவியால் பிடியைத் தொடுங்கள். தீப்பொறி சாவியில் பாயும், விரலில் சுரீர் என்று அடிக்காது.

ஊர் திரும்பிய பிறகு நானும் ஹெட்போன் மாட்டும் முன் ஒரு துளி எண்ணெயை முடி நுனியில் தடவிக்கொள்கிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியே போனால், இரவில் ஒரு கேள்வியும் கேட்கிறேன்.

"இன்னிக்கு எங்கேயாவது சுரீர்னு அடிச்சுதாம்மா?"

போன வாரம்தான், முட்டி வலிப்பதாகச் சொன்னார். மூன்று மாதமாக வலிக்கிறதாம்.