78 லட்ச ரூபாய் டிஃபெண்டர்கள் காலத்தில் பாஸ்கரனை ஏன் பேசணும்?

2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் யார்? கோல் அடிக்கும் ஃபார்வர்ட் இல்லை. டிஃபெண்டர் ஹர்மன்பிரீத் சிங். சூர்மா ஹாக்கி கிளப் அவருக்குக் கொடுத்தது 78 லட்ச ரூபாய். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், ஒடிசாவின் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் எடுத்தது. இவர்களும் டிஃபெண்டர்கள்தான்.

காரணம் எளிது. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பின்வரிசைக்காரர்கள். தடுப்பதற்குச் சம்பளம், கோலுக்கு மவுசு. வெறுமனே தடுப்பதை மட்டும் செய்கிறவருக்கு இந்த விலை கிடைக்காது.

அப்படி வெறுமனே தடுத்த ஒருவர்தான் இந்திய ஆண்கள் அணிக்குக் கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த கேப்டன். தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன். ஆண்டு 1980, இடம் மாஸ்கோ.

லெஃப்ட் ஹாஃப் என்றால் என்ன வேலை?

ஹாக்கி மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கும். மறுபக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. இடதுகை மட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால் எல்லா வீரருக்கும் வலது பக்கம் வசதி, இடது பக்கம் பலவீனம். லெஃப்ட் ஹாஃப் நிற்பது அந்தப் பலவீனமான பக்கத்தில். எதிரணியின் ரைட் விங் ஆட்டக்காரர் எல்லைக்கோட்டை ஒட்டி வேகமாக வரும்போது, மட்டையைத் திருப்பிப் பிடித்து, கால் படாமல் பந்தைப் பிடுங்கணும். ஒரு கணம் தவறினால் அவர் வட்டத்துக்குள். சரியாகச் செய்தால்? ஸ்கோர்போர்டில் ஒன்றும் ஏறாது. கைதட்டும் வராது. பாஸ்கரன் வருடக்கணக்கில் செய்தது இந்த வேலையைத்தான்.

அவர் ஆடிய காலம் இந்திய ஹாக்கிக்குச் சிக்கலான காலம். 1974, 1978 ஆசிய விளையாட்டுகளில் வெள்ளியோடு திரும்பிய அணிகளில் இருந்தார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரை போட்டார்கள். புல்தரையில் பழகிய இந்தியாவுக்கு 7-வது இடம். அந்த அடியையும் களத்தில் நின்று வாங்கியவர் பாஸ்கரன்.

நாலு வருடம் கழித்து, பெரும்பாலும் புதுமுகங்களை வைத்துக்கொண்டு மாஸ்கோ போனார். ஒன்றை மறைக்க வேண்டாம்: ஆப்கானிஸ்தான் பிரச்சினையால் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா எதுவும் ஹாக்கிக்கு வரவில்லை. தான்சானியாவை 18-0 என்று வென்றதை யாரும் சாதனையாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்பெயின் நிஜமான அணி. லீக் சுற்றில் 2-2. இறுதிப் போட்டியில் இந்தியா 3-0 என்று முன்னிலை பெற்ற பிறகு, ஹுவான் அமாட் தனி ஆளாக மூன்று கோல் போட்டார். முடிவு 4-3. மூணு கோல் முன்னிலை கரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்று சமாளிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சுரிந்தர் சிங் சோதியின் கோல்களும் முகமது ஷாகித்தின் டிரிப்ளிங்கும் இன்றும் பேசப்படுகின்றன. அந்தக் கடைசி நிமிடங்களைப் பற்றிப் பேச்சு குறைவு.

அப்புறம் என்ன ஆச்சு?

அர்ஜுனா, பத்மஸ்ரீ, பிறகு பயிற்சியாளர் வேலை. அங்கே கதை கொஞ்சம் கசப்பு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலை. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து சமன் செய்தது. இந்தியா 7-வது இடம். தடுப்பாட்டத்தால் பெயர் வாங்கியவரின் அணி தடுப்பில் சறுக்கி வெளியேறியது, விளையாட்டின் குரூரமான நகைச்சுவை. 2006 உலகக் கோப்பையிலும் அவர்தான் பயிற்சியாளர், இந்தியா 11-வது.

ஒப்பீட்டுக்கு ஒரு பெயர்: ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ ஹாரா. ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேன், 6 அடி 9 அங்குலம். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் தொடரில் 1,680 லீக் ஆட்டங்கள். 2022-ல் 45 வயதில் ஓய்வு. தொழில்முறை லீக் ஒன்று ஒரு டிஃபெண்டரை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு அது உதாரணம். பாஸ்கரன் தலைமுறைக்கு லீக் சம்பளமே கிடையாது. வங்கி, ரயில்வே, போலீஸ் அணிகளில் கிடைக்கும் வேலைதான் சோறு.

இப்போது பணம் வந்துவிட்டது. வீரர்கள்? 2004 ஏதென்ஸில் ஆடிய கோவை ஆடம் சின்க்ளேருக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஒலிம்பிக் ஹாக்கி அணியில் ஆண்கள் யாரும் இல்லை. டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் இந்தியா வெண்கலம் வென்றது, நம்ம ஆள் இல்லாமல். சிரமம் எங்கே என்று பார்க்க ராஜகுளம் மாதிரி ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண் தரையில் பந்து துள்ளும். அதைப் பார்த்துத் தடுக்கப் பழகிய பையன், தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து சறுக்கிக்கொண்டு வரும்போது அரை விநாடி தாமதமாவான். ஃபார்வர்டுக்கு அந்த அரை விநாடி ஒரு வாய்ப்பு போனது. டிஃபெண்டருக்கு அது கோல்.

கோவில்பட்டி விளையாட்டு விடுதி சமீபத்தில் இரண்டு பேரை இந்திய அணிக்கு அனுப்பியது: கார்த்தி செல்வம், மாரீஸ்வரன் சக்திவேல். இருவரும் ஃபார்வர்டுகள்.