முதுமைக்கு எந்த ஊர்?

ராஜபாளையம் தாலூகாவில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், தேவதானம் என்னும் கிராமம் இருக்கிறது. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோவிலால் பெயர் பெற்ற ஊர். அவ்வூரிலும், அதை அடுத்த ஊர்களிலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகரங்களிலும் இன்று ஒரு கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்து நிற்கிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்த தேசங்களிலோ உத்தியோகம் பார்க்கிறார்கள். வயதான தம்பதிகள் இருவர் ஒரு பெரிய வீட்டைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி எங்கே வசிப்பது? பிள்ளையோடு பழக்கமில்லாத நகரத்தின் மாடி வீட்டிலா? பிறந்த ஊரில் தனிமையிலா? அல்லது கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் முதியோருக்கென்றே கட்டி விற்கப்படும் குடியிருப்புகளிலா?

இதைச் சில குடும்பங்களின் அந்தரங்க விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 10.4 பேர். இந்த விகிதம் 2021-இல் 13.6 ஆகவும், 2031-இல் 18.2 ஆகவும் உயரும் என்று மத்திய சர்க்கார் அமைத்த நிபுணர் குழு மதிப்பிட்டது. அதாவது, ஆறு பேரில் ஒருவருக்கு மேல் முதியவராக இருக்கும் காலம் வாசற்படியில் வந்து நிற்கிறது. நம் ராஜ்யத்தைக் காட்டிலும் இதில் முந்தி நிற்பது கேரளம். குழந்தைகள் குறைந்து ஆயுள் நீண்ட சமூகத்தில் இது இயல்பே. இயல்பான ஒன்றுக்கு முன்யோசனை செய்யாமலிருப்பதுதான் பிழை.

முதியோர் குடியிருப்பு என்றதும், "இது நம் தேசத்துக்கு அடுக்குமா? பெற்றோரைப் பிள்ளைகள் காப்பதல்லவோ நமது தர்மம்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுடைய மனம் நல்ல மனம். ஆனால் அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பிள்ளையின் கடமை வேறு, பெற்றோரின் சுதந்திரம் வேறு. மகன் வீட்டில் வேளைக்குச் சோறு கிடைத்தும் பேசுவதற்கு ஆளின்றி வாடும் தகப்பனார்கள் எத்தனை பேர்! தம் வயதொத்தவர்களோடு கூடி, தம் கைப்பணத்தில், தம் இஷ்டப்படி வாழ ஒருவர் விரும்பினால் அதில் இழிவு ஒன்றுமில்லை. சுயராஜ்யம் வேண்டுமென்று கேட்ட ஜாதி, முதியவர் தம் வாழ்வை ஆள விரும்புவதைக் குறை கூறலாகாது.

கோயம்புத்தூர் இத்தகைய குடியிருப்புகளுக்குக் கேந்திரமானது தற்செயலன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அங்கே வெயிலின் கடுமையைத் தணிக்கிறது. சிறுவாணித் தண்ணீர் பிரசித்தமானது. பெரிய வைத்தியசாலைகள் பல உண்டு. விமான நிலையம் இருப்பதால் வெளிதேசத்துப் பிள்ளைகள் வந்துபோவது எளிது. பொதுச் சமையலறை, தாதியர், காவல், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஆகிய வசதிகளுடன் தனியார் கம்பெனிகள் அங்கே குடியிருப்புகளை அமைத்திருக்கின்றன. நல்ல முறையில் நடப்பவையும் அவற்றில் உண்டு. ஆயினும், விளம்பரத்தின் படத்தைப் பார்த்து ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டுவது விவேகமாகாது.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. முதலாவது, கொடுக்கும் தொகைக்குக் கிடைப்பது என்ன? வீட்டின் பேரில் சாசன உரிமையா, குத்தகையா, அல்லது திரும்பப் பெறும் முன்பணமா? மூன்றும் ஒன்றல்ல. கட்டடத் திட்டம் 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்கிறதா? இரண்டாவது, மாதக் கட்டணத்தை வருஷந்தோறும் எவ்வளவு உயர்த்தலாம், உயர்த்தும் அதிகாரம் யாருக்கு? ஓய்வூதியம் ஆமை வேகத்தில் ஏற, கட்டணம் குதிரை வேகத்தில் ஏறினால், பத்து வருஷங்களில் குடியிருப்பவர் கடனாளியாவார். மூன்றாவது, கட்டியவர் விற்றுவிட்டுப் போனபின் நிர்வாகம் யார் கையில்? குடியிருப்போர் சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கும் உரிமை உண்டா?

நான்காவது கேள்வியே மிக முக்கியமானது. நடமாட்டம் உள்ளவரை எந்த வீடும் நல்ல வீடுதான். படுத்த படுக்கையானால், அல்லது நினைவு தடுமாறினால், அங்கேயே வைத்துப் பராமரிப்பார்களா, பிள்ளையைக் கூப்பிட்டு அழைத்துப் போகச் சொல்வார்களா? இதற்குப் பதில் எழுத்தில் இருக்கட்டும். மத்திய சர்க்காரின் வீட்டுவசதி இலாகா 2019-இல் இத்தகைய இல்லங்களுக்கு மாதிரி விதிகளை வெளியிட்டது. மாதிரி என்பது மாதிரியே. ராஜ்ய சர்க்கார் அதற்குச் சட்ட வலிமை கொடுத்தாலன்றி எந்தக் கம்பெனியையும் அது கட்டுப்படுத்தாது.

இந்தப் பத்தியை வாசிக்கும் கனவான்களுக்கு இன்னொன்று சொல்லுவோம். நம் குடும்பங்களில் பெரும்பாலும் கணவனே மூத்தவன். பின் தங்கி நிற்பவள் மனைவி. ஆகவே, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊரில் கடைசி வருஷங்களைத் தனியே கழிக்கப்போகிறவள் அவளே. ஒப்பந்தத்தில் அவளுடைய பெயர் இருக்கிறதா? அவளுடைய அபிப்பிராயத்தைக் கேட்டீர்களா? அவளுக்குப் பழகிய கோவில், பழகிய சமையல், பேச்சுத்துணை இவை அங்கே கிடைக்குமா? முதலில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். இருவரும் சம்மதித்தால் பிறகு பணம் கட்டுங்கள். அதுவரை ஊரிலுள்ள வீட்டை விற்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதுவதாயின், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேருங்கள். நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோர 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழிவகுக்கிறது.

இதுவரை சொன்னது பணமுள்ளவர்களின் கவலை. தேவதானத்து வயலில் நாற்று நட்டுக் கூன் விழுந்த மூதாட்டிக்கும், சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து கண் மங்கிய தொழிலாளிக்கும் எந்தக் கம்பெனியும் விளம்பரம் அனுப்புவதில்லை. அவர்களுக்கு உள்ளது முதியோர் உதவித்தொகை. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகையைக் கொண்டு அரிசியும் மருந்தும் வாங்கிய பின் மிஞ்சுவது என்ன? மேற்சொன்ன 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஜில்லாவுக்கு ஒன்று வீதமேனும், குறைந்தது 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் இல்லங்களை ராஜ்ய சர்க்கார் அமைக்கலாம் என்று கூறுகிறது. "அமைக்கலாம்" என்ற சொல்லில்தான் சூட்சுமம். "அமைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் சர்க்கார் ஜனங்களுக்குப் பதில் சொல்ல நேர்ந்திருக்கும். ஜப்பான் 2000-ஆம் வருஷத்திலேயே முதியோர் பராமரிப்புக்கென்று தேசிய இன்ஷூரன்ஸ் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாம் இன்னும் "லாம்" என்ற விகுதியோடு நிற்கிறோம்.

ஆகவே நமது யோசனை இது. முதுமைக்கு இடம் தேடி எல்லோரும் கோயம்புத்தூருக்கு ஓட வேண்டியதில்லை. 2011-இல் ராஜபாளையத்தின் ஜனத்தொகை சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஜனத்தொகை சுமார் 75 ஆயிரம். முதியவர் நடந்தே கடைக்கும் கோவிலுக்கும் போய்வரத் தக்க அளவான ஊர்கள். ரயில் உண்டு, மில் தொழிலால் வளர்ந்த செல்வம் உண்டு, விருதுநகரில் 2022-இல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இங்கே குறைவது பெரிய வைத்திய வசதி அருகில் இல்லாமையும், கூட்டாக வாழ ஓர் ஏற்பாடு இல்லாமையுமே. முன்னதற்குச் சர்க்காரை வற்புறுத்த வேண்டும். பின்னதை நாமே செய்துகொள்ளலாம். சென்னையில் சாவித்திரி வைத்தி 1978-இல் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக "விச்ராந்தி"யைத் தொடங்கியபோது பெரும் மூலதனத்தை நம்பித் தொடங்கவில்லை. சேவை மனமுள்ள பெண்களின் கூட்டுறவை நம்பித் தொடங்கினார்.

தேவதானம் என்ற சொல்லுக்கே ஒரு பொருள் உண்டு. கோவில் காரியத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பழைய சாசனங்கள் அப்பெயரால் குறித்தன. தர்மம் தடையின்றி நடக்க வேண்டுமானால் அதற்கு நிலையான சொத்து வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக 1949-இல் பதவியேற்ற பூ. ச. குமாரசுவாமி ராஜா, ராஜபாளையத்திலுள்ள தம் வீட்டையே பொதுவுக்குக் கொடுத்தார். அது காந்தி கலை மன்றமாயிற்று. அந்த ஊரில், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஒன்றிரண்டு முதியோருக்குப் பகல் நேர இல்லமாகக் கூடாதா? பகலில் கூடி உண்ணவும், பத்திரிகை படிக்கவும், வைத்தியர் வந்து பார்க்கவும் ஓர் இடம் அமைந்தால், பாதித் தனிமை அன்றே ஒழியும். பணமுள்ளவர் கட்டணம் செலுத்தட்டும். இல்லாதவருக்கு அறக்கட்டளை செலுத்தட்டும். இருவரும் ஒரே பந்தியில் உட்காரட்டும். ஒன்று மட்டும் எச்சரிப்போம். முதியோர் பெயரைச் சொல்லி மலையடிவாரத்துக் காட்டையும் கண்மாயையும் மனை போடக் கம்பெனிகளுக்கு இடம் கொடுக்கலாகாது. 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அம்மலைதான் இப்பிரதேசத்துக்குத் தண்ணீர் தருகிறது.

தேச ஊழியர்கள் இப்பிரச்னையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜில்லாதோறும் ஆதரவற்றோர் இல்லம் அமைப்பதைச் சட்டம் கட்டாயமாக்கட்டும். விலைக்கு விற்கப்படும் குடியிருப்புகளுக்கு மாதிரி விதிகள் சட்ட விதிகளாகட்டும். நகரசபைகள் தோறும் முதியோர் பகல் இல்லத்துக்கு இடம் ஒதுக்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இம்மூன்றையும் கேளுங்கள். இன்று இதைக் கேட்கும் வாலிபரும் ஒரு நாள் அந்தத் திண்ணையில் உட்காரப்போகிறவர்தாம்.