கண்ணைக் காக்கும் யந்திரமும் சங்கத்தின் கடமையும்

நெசவாளனுக்கும் உழவனுக்கும் கண்ணே முதல். பாவில் அறுந்த ஓர் இழையைக் கண்டு முடிவதற்கும், இலையின் அடியில் ஒட்டிய பூச்சியைக் காலத்தில் காண்பதற்கும் பார்வை தெளிவாயிருத்தல் வேண்டும். அப்பார்வையை ஓசையின்றி அரித்துவிடும் நோயாக நீரிழிவு இன்று பரவி நிற்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடையோர் என மதிப்பிட்டது.

நீரிழிவு நாட்பட்டால் விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுறுகின்றன. தொடக்கத்தில் வலியில்லை, பார்வையும் மங்குவதில்லை. மங்கிய பின்னர் வைத்தியரிடம் ஓடினால், இழந்ததை முற்றும் மீட்பது அரிது. முன்னரே கண்டுகொண்டால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். ஆயின் ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிக்க ஊர்தோறும் கண் வைத்தியர் ஏது?

இக்குறையைத் தீர்க்கவே புதிய சாதனங்கள் வந்துள்ளன. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்தி வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்கிறார். தொலைவிலுள்ள வைத்தியர் இணைய வழியே நோயாளியுடன் பேசி யோசனை கூறுகிறார். இதற்கும் ஒரு படி மேலாக, விழித்திரைப் படத்தைக் கணினியே ஆராயும் முறையும் தோன்றியுள்ளது. கூகுள் ஆராய்ச்சியாளர் 1,28,000-க்கு மேற்பட்ட படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, அதன் திறமையை 2016-ல் வெளியிட்டனர். அப்படங்களுள் இந்தியக் கண் மருத்துவமனைகள் அளித்தவையும் அடங்கும். 2018-ல் அமெரிக்க அரசு இத்தகைய யந்திரம் ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி வழங்கியது.

இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும், யந்திரம் வந்துவிட்டது, கவலை தீர்ந்தது என்று எண்ணுதல் தவறாகும். தாய்லாந்தில் 11 சிகிச்சை நிலையங்களில் இம்முறையைக் கையாண்டபோது, எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை தெளிவு போதாவென்று கணினி தள்ளிவிட்டதாக 2020-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அறையின் வெளிச்சம் பொருந்தவில்லை, இணையமும் மெதுவாயிருந்தது. படம் தேறாதவர் வேறிடத்துக்கு அலைய நேர்ந்தது. கூலியை நம்பி வாழ்பவனுக்கு ஒரு நாள் அலைச்சல் ஒரு நாள் கூலியன்றோ? நோய் உண்டென்று யந்திரம் கூறியும் சிகிச்சைக்குச் செல்லாதவனுக்கு அதனால் பயன் யாது?

இங்கேதான் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. நூலும் உரமும் வழங்கும் சங்கத்துக்கு வைத்தியம் எதற்கு என்று சிலர் வினவலாம். அங்கத்தினனின் கண் மங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் சங்கம் எதை விற்கும்? சங்கத்தில் இடமுண்டு, அங்கத்தினர் ஜாபிதா உண்டு, யாவரும் அறிந்த காரியதரிசியும் உண்டு. ஆண்டுக்கொரு நாள், ஏற்ற அறையும் மின்சாரமும் அமைத்து, பார்வை மையத்தாரையோ அரசு மருத்துவமனையாரையோ அழைத்துச் சோதனை நடத்தலாம். நோய் கண்டோரைச் சிகிச்சைக்கு அனுப்பி, அவர்கள் சென்றார்களா என்று விசாரிக்க ஒருவரை நியமிக்கலாம். விதி இடந்தரின், வழிச்செலவுக்குப் பொது நல நிதியினின்றும் உதவலாம்.

ஒன்றில் மட்டும் விழிப்புத் தேவை. கண்ணின் படம் அங்கத்தினனுக்குரிய பொருள். அவன் சம்மதமின்றி அதனையோ சோதனை முடிவையோ எவரிடமும் தருதல் கூடாது. கடன் மனுவைப் பரிசீலிக்கும்போதும் அது குறுக்கே வரலாகாது. 2023-ல் பாராளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

நோயைக் காட்டுவது யந்திரம். நோயாளியின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது மனிதன். அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.