விமான ஜன்னலுக்கு 20 மடங்கு ஜூம் எதற்கு?

"மேலே இருந்து நம்ம மயிலாப்பூரைப் படம் பிடிக்கணும். நல்ல வீடியோ கேமராவா காட்டுங்க, தம்பி!"

"இதை எடுங்க சார். 20 மடங்கு ஜூம். மாசத் தவணையும் உண்டு!"

தியாகராயநகர் கடைகளில் இப்படிப் பேச்சு நடக்கிறது. மகன் டிக்கெட் அனுப்புகிறான். முதன்முதலாக விமானம் ஏறும் அப்பா கேமரா வாங்கக் கிளம்பிவிடுகிறார்.

தவணை உண்டு, சரி. அந்த ஜூம் விமானத்தில் உதவுமா?

உதவாது!

விமான ஜன்னல் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் கீறல் இருக்கும். விமானமும் அதிரும். ஜூம் செய்தால் கோபுரம் மட்டுமா பெரிதாகும்? ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும்.

சிறியதே நல்லது

இன்னொரு விஷயம். ஊர் நன்றாகத் தெரிவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பெரிய சாமான்களைப் பத்திரமாக வைக்கச் சொல்வதும் அதே நேரத்தில்தான்! விலை உயர்ந்த கேமரா பைக்குள் போய்விடும்.

எனவே பார்க்க வேண்டியவை மூன்று: உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி, கீறலில் போய் நிற்காமல் ஃபோகஸைத் தூரத்தில் பூட்டி வைக்கும் வசதி. இவை மூன்றும் இன்று நல்ல செல்போனிலேயே இருக்கின்றன.

லென்சை ஜன்னலுக்கு அருகில் பிடிக்க வேண்டும், ஒட்டக்கூடாது. சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைத்தால் உள்விளக்கு பிரதிபலிக்காது. போலரைசர் ஃபில்டர் வேண்டாம். ஜன்னலில் வானவில் போல நிறம் விழும்.

எந்தப் பக்கம் சீட்?

கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் அடையாறு முகத்துவாரத்தையொட்டி வரும். வலப்பக்க ஜன்னலில் மயிலாப்பூரும் மெரினாவும். இடப்பக்கத்தில் பெசன்ட் நகர். இறக்கைக்கு மேல் சீட் கூடாது. காற்றின் திசை மாறி மேற்கிலிருந்து இறங்கினால் இந்தக் காட்சி கிடைக்காது.

சட்டம் என்ன?

பயணிகள் படம் பிடிக்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2004-ல் அனுமதித்தது. 2020 செப்டம்பரில் அதை மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆனால் பாதுகாப்புக்கு இடையூறு கூடாது. விமானப் பணியாளர் "வேண்டாம்" என்றால் உடனே நிறுத்த வேண்டும். உபரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கையில் நல்ல செல்போன் இருக்கும்போது தவணைக் கடன் எதற்கு? அந்தப் பணத்தில் வீட்டு அம்மாவுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கலாமே! அவரும் மேலே இருந்து மயிலாப்பூரைப் பார்க்கட்டும்.