வராத பணத்துக்கு வரி

2024 செப்டம்பரில் கோவையில் நடந்த ஒரு கூட்டத்தில், உணவக உரிமையாளர் ஒருவர் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம், பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சொல்லி முறையிட்டார். அவை சிரித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளியாகி நாடே அதைப் பேசியது. பேச்சு க்ரீம் பன்னோடு நின்றுபோனதுதான் நம் வருத்தம். அதே ஊரில், கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் ஒற்றை லேத்தை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் எழுதும் பில்லில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அதனாலேயே அது பேச்சுக்கு வராமல் போயிருக்கலாம்.

இவர் செய்வதை ஊரில் ஜாப் ஆர்டர் என்பார்கள். பம்ப்செட் ஆலை வார்ப்பையும் வரைபடத்தையும் அனுப்பும். இவர் கடைந்து, துளையிட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவார். பொருள் ஆலையுடையது, இவருக்கு உரியது கூலி மட்டுமே. ஜி.எஸ்.டி.க்கு முன்பு, முடிந்த பொருளுக்கு ஆலை கலால் வரி கட்டிவிடும் என்பதால் இந்தக் கூலி பெரும்பாலும் வரிக்கு வெளியே இருந்தது. 2017 ஜூலை 1 முதல் அதன் மீது 18 சதவீதம் விழுந்தது. 2019 அக்டோபரில் 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் மீண்டும் 18 ஆனது. கோவையின் குறுந்தொழில் அமைப்புகள் இதை ஐந்தாகக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கின்றன. அந்தக் கோரிக்கையில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பட்டறையின் கழுத்தை அதிகம் நெரிப்பது வரியின் விகிதத்தைவிட அதைக் கட்டவேண்டிய தேதி என்பதே நம் கட்சி.

ஆகஸ்ட் 5ஆம் தேதி ஒரு லட்ச ரூபாய் கூலிக்குப் பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி 18,000. செப்டம்பர் 20க்குள், காலாண்டுக் கணக்கு முறையில் இருப்பவரானால் 25க்குள், அது அரசுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆலையோ தொண்ணூறு நாளோ நூற்றிருபது நாளோ கழித்துத்தான் பாக்கியைத் தீர்க்கும். வராத பணத்துக்கு இவர் கையிலிருந்து வரி கட்டுகிறார். கையில் இல்லையென்றால் கடன் வாங்கிக் கட்டுகிறார். தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இவருடைய பெருஞ்செலவு ஆட்கூலியும் மின்சாரமும். இரண்டின் மீதும் ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரியும் சொல்லும்படியாக இல்லை. ஆலை பணமே தராமல் போனாலும் கட்டிய வரி திரும்பி வராது.

மறுபக்கம் ஆலையைப் பாருங்கள். ஒரு ரூபாயும் கொடுக்காத நிலையிலேயே, பில்லைக் காட்டி அந்த 18,000ஐத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். 180 நாளுக்குள் பில் தொகையைக் கொடுக்காவிட்டால்தான் கழித்ததைத் திருப்ப வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டமோ 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கில் கூட்டுவட்டி என்றும் மிரட்டுகிறது. ஒரே நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் 45 என்று எழுதி, இன்னொன்றில் 180 என்று எழுதியிருக்கிறது. எந்த எண்ணை ஆலை தேர்ந்துகொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

புகார் கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம். மறுநாள் வார்ப்பு அடுத்த தெருப் பட்டறைக்குப் போகும். 45 நாளுக்குள் தராத தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரித் திருத்தம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் அது கடிக்கும். பட்டறைக்காரருக்கு மாதந்தோறும் கெடு வருகிறது.

இன்னொரு வாதம் உண்டு: வரி வாடிக்கையாளரின் பணம், பில் போடுகிறவர் அதை வாங்கிச் செலுத்தும் கைதானே என்பது. வாங்கிய பிறகு செலுத்தாமல் வைத்துக்கொண்டால் அது குற்றம், ஒப்புக்கொள்கிறோம். வாங்காததைச் செலுத்தச் சொல்வதை எந்தப் பெயரால் அழைப்பது? சிறியவரிடம் வட்டியில்லாமல் பெற்ற கடன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடனில் அரசுக்கும் பங்கு, ஆலைக்கும் பங்கு.

மாற்று வழி நம் வீட்டிலேயே இருந்தது. 2012 முதல் ஜி.எஸ்.டி. வரும்வரை, ஆண்டுக்கு ஐம்பது லட்சம் வரை சேவை செய்த தனிநபர்களும் கூட்டு நிறுவனங்களும் பணம் கைக்கு வந்த பிறகு சேவை வரி கட்ட விதி இடம் தந்தது. பிரிட்டனில் 13.5 லட்சம் பவுண்டு வரை விற்றுமுதல் உள்ளவர்கள் பணம் வந்தபின் மதிப்புக் கூட்டு வரி செலுத்தும் முறை இன்றும் உண்டு. அங்கே அந்த முறையில் இருப்பவர், தான் வாங்கியதற்குப் பணம் கொடுத்த பிறகுதான் அதன் வரியைக் கழிக்க முடியும். ஒரே வரி என்ற முழக்கத்தோடு வந்த சட்டம் நம்மிடம் இருந்த அந்தச் சிறு சலுகையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. 2019இல் பதிவு வரம்பைப் பொருள் விற்பவருக்கு 40 லட்சமாக உயர்த்தியபோதும், பிறர் பொருளில் வேலை செய்வதைச் சேவை என்று வகுத்துவிட்டதால் பட்டறைக்காரர் 20 லட்சத்திலேயே நிறுத்தப்பட்டார்.

நாம் கேட்பது தள்ளுபடி அன்று. சிறு பட்டறையின் வரி, பணம் வந்த மாதத்தில் பிறக்கட்டும். ஆலையின் கழிவும் பணம் கொடுத்த மாதத்தில்தான் பிறக்கட்டும். அப்போது அரசின் கருவூலத்துக்கு நட்டம் இராது. தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் ஆலைக்கே செலவாகும். எந்தப் புகாரும் இல்லாமல் காசோலை நடக்கத் தொடங்கும். பில்லுக்குப் பில் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பணம் வந்த தேதிக்கென்று அதில் ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் பில்லுக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கக்கூடும். கொங்கு நாட்டின் உழைப்பைப் பற்றி நாவல் வந்தால் வரிசையில் நின்று வாங்கிப் பாராட்டுகிறவர்கள் நாம். அந்த உழைப்பு எந்தத் தாளில், எந்தத் தேதியில் களவு போகிறது என்று படிக்க மாட்டோம் என்றால், அந்தப் பாராட்டுக்கு என்ன பொருள்?