பூஸ்ட் மீட்டருக்கு முதல் ஹீட் மீட்டர்

பொரளையில் டீசல் லொறி, ஸ்கூல் வேன் ஓடும் நம் சகோதரர்கள் சிலர் பஞ்சிகாவத்தையில் டர்போ பூஸ்ட் மீட்டர் வாங்கிப் பூட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் எஞ்சினைக் கொல்வது சூடும் ஒயில் பிரஷர் இறங்குவதும்தானே? பல வாகனங்களில் கம்பனி மீட்டரின் முள் நடுவிலேயே நிற்கும்; அது ஏறும்போது நேரம் கடந்திருக்கும். லீசிங் கட்டும் வாகனத்தில் ஹெட் போனால் வீட்டு அடுப்பும் அணையும்.

ஆகவே முதலில் எண் காட்டும் ஹீட் மீட்டர், ஒயில் பிரஷர் மீட்டர், இரண்டும் அலாரத்தோடு. பழைய ஒயில் லைட் சுவிட்சைக் கழற்றி எறிய வேண்டாம்; டீ போட்டு இரண்டையும் பூட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் முழுக்க ஒழுகினால் சென்சர் நனையாமல் சூட்டைக் குறைத்தே காட்டலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்.